வாடையர் கூப்பிடுவதில்லை

12 ஜனவரி, ஞாயிறு

ஹம்னா வீட்டு ஏர்கான் மறுபடியும் படுத்துவிட்டது. கீழே அவள் அப்பாவின் துணிக்கடை. மேலே நாங்கள் நால்வரும் வியர்த்து வழிந்தபடி இடுப்பளவு பனியில் நடந்துகொண்டிருந்தோம். ஷங்கர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, தன் பூசாரிக்கு விரல் விறைத்துப்போச்சு என்றான். ஜன்னலுக்கு வெளியே சிராங்கூன் ரோடு முழுக்கப் பொங்கல் பானையும் கரும்பும்.

இந்த ஆட்டம் எட்டு மாதமாக நடக்கிறது. ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிறோம். கதையை நடத்துகிறவள் ஹம்னா. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் பெயரெல்லாம் சங்ககாலத்து மிடுக்கில் இருக்கும். நான் நெடும்பனி. வடக்கே உறைபனி நாட்டு வாடையர் குலத்துப் போர்மகள். ஆறரை அடி உயரம், கையில் கோடரி, தோளில் கரடித்தோல் போர்வை.

பாலிகிளினிக் கவுன்டரில் நாள் முழுக்க வாய் ஓயாதவள் நான். நெடும்பனி நாலு வார்த்தை பேசினாலே அதிகம். வாடையர் அப்படித்தான். குளிர்கிறது என்று சொல்ல மாட்டார்கள். நன்றி சொல்ல மாட்டார்கள், மீனைச் சுட்டுக் கொடுப்பார்கள். கிளம்புகிறவரைத் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் அது இருவருக்கும் இழிவு.

கபிலன் இதற்கு நேர்மாறு. சிங்கப்பூர் ஷிப்யார்டில் எஞ்சினியர், பூன் லேயில் அறை, ஊர் தூத்துக்குடி. நிஜத்தில் வாயைத் திறக்காத மனிதர், சாத்தன் என்கிற தெற்கத்தி மிளகு வணிகனாக உட்கார்ந்துவிட்டால் நிறுத்தவே முடியாது. குளிருது, கால் வலிக்குது, இந்த மீனில் உப்பே இல்லை என்று புலம்பிக்கொண்டே வருவான். அந்தப் புலம்பலைக் கேட்கத்தான் சுவா சூ காங்கிலிருந்து வாராவாரம் ரயில் ஏறுகிறேன். இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

14 ஜனவரி

கபிலன் பொங்கல் வாழ்த்து அனுப்பியிருந்தார். எல்லாருக்கும் அனுப்பிய அதே படம்தான். அதைப் போய் எத்தனை தடவை பார்ப்பேன்?

19 ஜனவரி, ஞாயிறு

ஆட்டம் முடிந்து டப்பாக்களை மூடும்போது கபிலன் சொன்னார். மார்ச்சில் நார்வே. அங்கே ஒரு யார்டில் இரண்டு வருஷ வேலையாம். நிஜ வாடையர் நாட்டுக்கே போகிறாரே என்று ஷங்கர் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். “சூப்பர் லா” என்று வேறு சொன்னேன். என் வாயில் மண்.

26 ஜனவரி, ஞாயிறு

செய்துவிட்டேன்.

பனிப்புயல். சாத்தன் வழக்கம்போலப் புலம்பினான். நான் சொன்னேன்: நெடும்பனி தன் போர்வையைக் கழற்றி, எல்லார் முன்னாலும் சாத்தன் தோளில் போர்த்துகிறாள்.

ஹம்னா சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அது வாடையர் கல்யாணம் கேட்கிற முறை. விடிந்த பிறகும் போர்வை அவன் தோளிலேயே இருந்தால் சம்மதம். திருப்பிக் கொடுத்தால் இல்லை என்று பொருள், அதற்குமேல் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஒவ்வொரு குலத்து வழக்கமும் அதை ஆடுகிறவருக்கும் ஹம்னாவுக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் கதைப்போக்கில் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அதுதான் எங்கள் ஆட்டத்தின் ருசியே.

சாத்தன் போர்த்திக்கொண்டான். புலம்பலையும் நிறுத்திவிட்டான். அவருக்குப் புரிந்திருக்குமோ?

2 பிப்ரவரி, ஞாயிறு

புரியவில்லை.

ஆட்டத்தில் விடிந்தது. சாத்தன் போர்வையை உதறி, அழகாக மடித்து, உள்ளே ஒரு பொட்டலம் மிளகு வைத்து நெடும்பனியிடம் நீட்டினான். வாங்கிய பொருளை வெறுமனே திருப்பக் கூடாதாம், தெற்கத்தி மரியாதை. அம்மாவும் அப்படித்தான், பக்கத்து வீட்டுக் கிண்ணத்தைக் காலியாகக் கொடுக்கவே மாட்டாள். எவ்வளவு நல்ல மனுஷன், எவ்வளவு பாழாய்ப்போன மரியாதை.

“நெடும்பனி வாங்கிக்கிறா” என்றேன். வேறென்ன சொல்வது? ரயிலில் கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு அழுதேன்.

3 பிப்ரவரி

ஹம்னா போன் செய்தாள். அது வெறும் ஆட்டம், அவரிடம் நேரே சொல்லு என்றாள். எரிந்து விழுந்தேன். ஆட்டம்னா அப்புறம் எனக்கு ஏன்டி இப்படி வலிக்குது?

அந்தப் பேச்சை மறுபடி எடுக்கக் கூடாது என்கிற விதியைச் சேர்த்ததே நான்தான். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாத ஒரு குலம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். அப்படி ஒரு குலத்தில் பிறந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நான் பிறந்தது என் அம்மா மங்களத்துக்கு. எங்கள் வீட்டில் மீன்கடைக்காரரிடம்கூடக் கெஞ்சுவோம்.

11 பிப்ரவரி, தைப்பூசம்

அம்மா பால்குடம் எடுத்தாள். நான் கூடவே நடந்தேன். அவருக்கு விசா கிடைக்கக் கூடாது என்றா முருகனிடம் கேட்பது? கேட்டேன்.

15 பிப்ரவரி

விசா வந்துவிட்டதாம்.

2 மார்ச், ஞாயிறு

கபிலனின் கடைசி ஆட்டம். துறைமுகம். சாத்தன் தெற்கே போகும் கப்பலில் ஏறுகிறான். ஷங்கரின் பூசாரி ஆசி சொன்னான். நெடும்பனி என்ன செய்கிறாள் என்று ஹம்னா என்னிடம் கேட்டாள்.

“கூப்பிடுறா.”

வாடையர் கூப்பிட மாட்டார்களே என்றாள் ஹம்னா. இவள் கூப்பிடுகிறாள் என்றேன். சாத்தன் கப்பல் தட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறான் என்றார் கபிலன். பிறகு, “என்ன சொல்லிக் கூப்பிடுறா?” என்று கேட்டார்.

ஆட்டத்தின் நடுவே எங்கள் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. அது நாங்கள் முதல் நாளே போட்ட விதி.

“கபிலன், போகாதீங்க.”

ஷங்கர் தேத்தண்ணி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனான். ஹம்னாவும் பின்னாலேயே போனாள். கபிலன் பகடையைக் கையிலேயே வைத்திருந்தார். காது வரை சூடாகிவிட்டது எனக்கு. போர்வை விஷயத்தையும் கொட்டிவிட்டேன். ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதே.

“அப்ப நான் மடிச்சுக் குடுத்தது?”

“வேணாம்னு அர்த்தம்.”

அவர் பகடையை மேசைமேல் வைத்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

“கையெழுத்துப் போட்டுட்டேன் உமா. போகாம இருக்க முடியாது,” என்றார். “ஆனா வேணாம்னு நான் சொல்லல.”

9 மார்ச்

விமான நிலையத்தில் என்னென்னவோ பேச வேண்டும் என்று நினைத்துப் போனேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டேன். சாப்பிட்டாராம்.

23 மார்ச்

நிஜ வாடையர் எப்படி என்று போனில் கேட்டேன். எல்லாரும் ஓயாமல் குளிரைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். அவர்தான் பதில் பேசத் தெரியாமல் நிற்கிறாராம். சிரித்து முடித்துப் போனை வைத்தபின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. பூன் லே பக்கம் போகிற பஸ்ஸைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

4 மே, ஞாயிறு

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் வர முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று ஹம்னாவிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்பாள் என்று நினைத்தேன், கேட்கவில்லை. ஷங்கர்தான் முணுமுணுத்தானாம்.

இங்கே ஆட்டம் தொடங்குகிற மூன்று மணி என்றால் அங்கே காலை ஒன்பது. வாரத்தில் அவருக்கு ஞாயிறுதான் அவசரமில்லாமல் பேசக்கூடிய காலை.

மூன்று அடித்து வெகுநேரம் ஆகிறது. நான் இன்னும் போனைக் கையில் எடுக்கவில்லை. நேற்றும் வேலை என்றார். தூங்கட்டும்.