நம்ம கம்ப்யூட்டரில் உன் இரண்டாவது வரி

என் ஆசைக் கௌரிக்கு,

கோவப்படாம கேளு. உன்னோட நாலு வருஷ உழைப்பை ஒரே மத்தியானத்துல அழிச்சுத் தொலைச்சிட்டேன்னு போன வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடே இறங்கல. இப்போ எல்லாம் சரியாயிடுச்சு. அதனாலதான் தைரியமா சொல்றேன்.

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆகுது. உன் கை படாம கம்ப்யூட்டருக்கும் ஏக்கம் போல, ஆன் பண்ணா பத்து நிமிஷம் யோசிச்சது. நம்ம பையன் சுரேஷ் சென்னையிலிருந்து போன்ல, "விண்டோஸை அழிச்சிட்டுப் புதுசாப் போடணும்பா, யாராவது கடைக்காரரைக் கூப்பிடுங்க"ன்னான். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "உங்கம்மா தனியா எத்தனை தடவை போட்டிருக்கா! அவ வீட்டுக்காரன் நான் போட மாட்டேனா?"ன்னு போனை வெச்சிட்டேன்.

போட்டேன். ஹார்ட் டிஸ்க்குல முதல் பாகத்தை மட்டும்தான் அழிக்கணும்னு நீ அடிக்கடி சொல்லுவியே, அது ஒண்ணுதான் ஞாபகம் இருந்தது. மத்த கேள்விக்கெல்லாம் தலையாட்டினேன். முடிஞ்சு ஆன் பண்ணா நேரா விண்டோஸ் வந்து நிக்குது. எந்த சிஸ்டம் வேணும்னு கேட்டு முதல்ல ரெண்டு வரி வருமே, அது வரவே இல்லை. இங்கிலீஷ் எழுத்துல நீ அடிச்சு வெச்ச வரிங்க. மேல 'அவருக்கு', கீழ 'எனக்கு'. விண்டோஸ் எனக்கு, தமிழ் லினக்ஸ் உனக்கு. உன்னோடதைக் காணோம்.

அந்த லினக்ஸ் சிடி ஒரு பத்திரிகையோட இலவசமா வந்தது. "ஓசி சிடியில என்ன பெருசா இருக்கப் போவுது?"ன்னு நான் சிரிச்சேன். "கோப்பு, திருத்து, சேமின்னு எல்லாம் தமிழ்ல இருக்குதுங்க. படிச்சுப் புரிஞ்சு அழுத்தலாம் இல்ல?"ன்னு நீ கேட்ட. அப்புறம் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொண்டுபோறவங்கல்லாம் ஞாயித்துக்கிழமையே நம்ம வாசல்ல வந்து நின்னாங்க. பட்டா, முதியோர் பென்ஷன், பஸ் நிக்கலைன்னு எத்தனை மனு அடிச்சுக் குடுத்த! எல்லாமே அந்த 'எனக்கு'வுக்குள்ளதான்.

இந்த நேரம் பார்த்து அடி அண்ணாமலையிலிருந்து முனியம்மா வந்து நிக்குது. "அண்ணா, தெருக் குழாய்க்கு அண்ணி அடிச்சுக் குடுத்த மனு இருக்குதா? பழைய மனுவையும் சேர்த்துக் குடுக்கச் சொன்னாங்க. எங்கிட்ட இருந்தது மழைல ஊறிப்போச்சு." எந்த மூஞ்சியோட இல்லைன்னு சொல்றது? ஞாயித்துக்கிழமை வரச் சொல்லி அனுப்பிட்டேன்.

வீட்டைக் குடைஞ்சேன். பிரிண்டர் அடியில உன் நோட்டு கிடைச்சது. நடுப்பக்கத்துல உன் கையெழுத்து: "விண்டோஸ் மறுபடி போட்டால் என் வரி மறைந்துபோகும். உள்ளேதான் இருக்கும். பயப்படாதே கௌரி. லினக்ஸ் சிடியைப் போட்டு இந்த நாலு வரியை அடி."

பயப்படாதே கௌரின்னு உனக்கு நீயே எழுதி வெச்சிருக்கியே! உனக்குப் பயமே கிடையாதுன்னு இல்ல நான் நெனச்சிட்டு இருந்தேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பக்கத்துல வந்து உட்கார்ந்திருப்பேனே.

அதுக்குக் கீழ இன்னொண்ணு. "பௌர்ணமியில் செய். மலை சுற்றக் கூட்டம் வரும், அன்று கரண்ட் போகாது." அடிப்பாவி! ஒவ்வொரு தடவையும் பௌர்ணமி வரட்டும்னு காத்திருந்து நீ சிஸ்டம் போடறதைப் பார்த்து, என் பொண்டாட்டிக்கு என்னா பக்தின்னு தெரு முழுக்கப் பெருமையடிச்சேனே!

நல்லவேளை, சனிக்கிழமையே பௌர்ணமி. மத்தியானத்துலயே வெளிய ஜனம் நடக்க ஆரம்பிச்சிடுச்சு. நான் கதவைச் சாத்திட்டு, லினக்ஸ் சிடியைப் போட்டு, ஒத்தை விரல்ல உன் நாலு வரியை அடிச்சேன். ஒரு இடத்துல இடைவெளி விட மறந்துட்டேன், மெஷின் தப்புன்னு திட்டுச்சு. மறுபடி அடிச்சேன். அணைச்சுப் போட்டா, வந்துடுச்சு கௌரி! மேல 'அவருக்கு', கீழ 'எனக்கு'. அழுதுட்டேன், உங்கிட்ட சொல்றதுக்கு என்ன வெட்கம்.

மறுநாள் முனியம்மா நகலை வாங்கிப் பார்த்து, "அண்ணி அடிச்சா ஒரு எழுத்து தப்பா இருக்காது"ன்னுச்சு. திங்கக்கிழமை மனுவை வாங்கிக்கிட்டாங்களாம். குழாய் வர்றப்போ சொல்றேன்.

நோட்டுல கடைசியா ஒரு வரி இருந்தது. அதைத்தான் இன்னும் முழுங்க முடியல. "பத்து நொடி. அவர் எதையும் அழுத்த மாட்டார். தானாக அவருடையதே திறக்கட்டும்."

நான் ஆன் பண்ணிட்டுக் காப்பி எடுக்கப் போவேன், அந்த ரெண்டு வரி பத்து நொடிதான் நிக்கும், வந்தா என்னோடது திறந்திருக்கும். மெஷினுக்கே வீட்டு எஜமான் யாருன்னு தெரியுதுன்னு மீசையை முறுக்கினவன் நான். நீ அடுப்புல பாலைப் பார்த்துட்டு ஓடி வர்றதுக்குள்ள பத்து நொடி போயிடும். திரும்ப அணைச்சுப் போடுவ. "என்னாத்துக்குச் சும்மா அணைச்சு அணைச்சுப் போடற, கெட்டுப்போயிடும்!"னு எத்தனை தடவை கத்தியிருப்பேன்? ஒரு தடவையாவது விஷயத்தைச் சொன்னியா நீ?

எது தானாத் திறக்கணும்ங்கறதை எங்க மாத்தணும்னும் நீயே எழுதி வெச்சிருந்த. ஒரே ஒரு எண். மாத்திட்டேன். ஆன் பண்ணிட்டு, வழக்கம் போலக் காப்பி எடுக்கப் போனேன். வந்து பார்த்தா உன்னோடது திறந்திருந்தது.

இனிமே ஞாயித்துக்கிழமை மனுவெல்லாம் நான் அடிக்கறேன். ஒத்தை விரல்தான், நேரமாகும், ஆனா யாரையும் திருப்பி அனுப்ப மாட்டேன். எனக்கு விண்டோஸ் வேணும்னா பத்து நொடிக்குள்ள நான் ஓடி வந்து அழுத்திக்கறேன்.

இந்தக் கடிதத்தை உன் வரிக்குள்ள உட்கார்ந்து அடிச்ச,
உன் வீட்டுக்காரன்