மேலே போன மனு

மார்ச் 4, செவ்வாய்
இந்த மாதத்திலிருந்து எங்கள் வட்டத்தில் வசூலாகும் வரி எங்களுக்கே. எதற்குச் செலவழிப்பது என்று இனி மேலிடத்தைக் கேட்காமல் வட்டக் குழுவே முடிவு செய்யலாமாம். குழுத் தலைவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வட்ட அலுவலகக் குமாஸ்தா எனக்கு வேலை அதேதான்: மனு வாங்கு, எண் போடு, கோப்பில் வை.

மார்ச் 19
முதல் பணம் எங்கள் தெருவில் படிக்கட்டு கட்ட என்று குழு முடிவு செய்துவிட்டது. பின்தெருத் தையல்கார அக்கா, தன் கடை முன்னால் சாக்கடைக்கு மூடி கேட்டுக் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்றார். மேலே போயிருக்கு என்றேன். பத்து வருஷமாக நாக்கில் ஊறிய பதில். அக்கா மேலிடத்தை நாலு திட்டுத் திட்டினார், நான் இரண்டு சேர்த்தேன். சிரித்துக்கொண்டே தேநீர் குடித்தோம்.

மார்ச் 20
மேலே என்றால் எங்கே? இப்போதுதான் மேலே யாருமே இல்லையே! பல் தேய்க்கும்போது உறைத்தது. அலுவலகம் போய்ப் பார்த்தால், மனு ‘மேலிடத்துக்கு’ என்ற கோப்பில் சுகமாகப் படுத்திருக்கிறது. நானே வைத்தது. பழக்க தோஷம். குழுவின் கண்ணில் அது படவே இல்லை. படிக்கட்டுக்குப் போட்டியில்லாமல் போனது அதனால்தானா? சொல்லணுமா? யார்கிட்ட?

மார்ச் 21
சொல்லவில்லை.

மார்ச் 27
அக்காவின் அப்பா அந்தச் சாக்கடையில் காலை விட்டுவிட்டார். கணுக்காலில் கட்டு. அக்கா நேரே அலுவலகத்துக்கு வந்தார். அப்படி ஒரு மனுவே வரவில்லை என்றார் தலைவர். அக்கா என் பக்கம் திரும்பினார்.

“உன் தெருவுக்கு வேணும்னு என் பேப்பரை அமுக்கிட்டியாடி?”

மறந்துட்டேன்க்கா என்றேன். யார் நம்புவா? நானா இருந்தா நானே நம்ப மாட்டேன்.

ஏப்ரல் 2
பின்தெருவுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முன்பு எல்லாரும் சேர்ந்து யாரையோ திட்டினோம், இப்போது ஆளுக்கு ஆள் திட்டிக்கொள்கிறோம், இதற்குத்தான் அதிகாரம் கொடுத்தார்களா என்கிறார் என் வீட்டுக்காரர். முன்பு இருந்தது ஒற்றுமையா, இல்லை கேட்க ஆளில்லாத சௌகரியமா? புரியவில்லை.

ஏப்ரல் 9
வட்டக் கூட்டத்தில் கோப்பைத் தூக்கிக் காட்டிச் சொல்லிவிட்டேன் — தப்பு என்னுது. தலைவருக்கு முகம் செத்துவிட்டது. இனி எந்த மனுவும் கோப்புக்குள் போகக்கூடாது, அன்றன்றைக்கே வாசல் சுவரில் ஒட்ட வேண்டும் என்றார் அக்கா. எங்கள் தெருக்காரர்களிலும் மூன்று பேர் கை தூக்கினார்கள். மூடிதான் முதலில் என்று முடிவாயிற்று. படிக்கட்டு பாதியில் நிற்கும்.

ஏப்ரல் 10
எதிர்வீட்டம்மா என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டார், படிக்கட்டு நின்ற கோபம். சரி, இது வேறயா.

ஏப்ரல் 24
மூடி போட்டாகிவிட்டது. மகளின் சீருடைக்கு அளவு கொடுக்க அக்கா கடைக்குப் போனோம். எனக்கு உள்ளே நுழையவே கூச்சம். அக்கா அளவெடுத்தார், மகளின் படிப்பை விசாரித்தார், அப்பா நடமாடுகிறார் என்றார். கிளம்பும்போது ஒரு சீட்டைக் கிழித்து நீட்டினார். சட்டை இரண்டு, பாவாடை இரண்டு, தேதி, கீழே கையெழுத்து. இத்தனை வருஷத்தில் எனக்கு அவர் சீட்டு எழுதியதே இல்லை. எல்லாம் வாய்வார்த்தைதான்.

“வச்சுக்க. நாளைக்கு நானும் மறந்துட்டேன்னு சொல்லிடக் கூடாதில்ல.”

கிண்டலா, குத்தலா, சமாதானமா? வீடு வரை யோசித்தும் பிடிபடவில்லை. சீட்டைத் தொலைத்துவிடாமல் பர்ஸில் வைத்திருக்கிறேன்.