எடுத்த கட்டி எந்த வகை

அன்பு மகன் ஹபீபுக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உதவியால் இங்கே நாங்கள் இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மருமகள் ஆலிமாவும் மனம் கலங்காமல் இருக்க துஆ செய்கிறேன். கொடைக்கானலில் விடாத மழை, பஜாரில் ஆளில்லை, நம் கடை சாக்லேட் எல்லாம் தட்டிலேயே கிடக்கிறது. உன் கணையத்திலும் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் வந்ததையும், உன்னைப் பெற்ற அத்தாவைப் போல நீயும் அடுத்த வாரமே ஆபரேஷன் செய்துகொள்ளப் போவதையும் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் சொல்ல நா எழவில்லை, அதனால் எழுதி, உன் தங்கச்சி ஸைமாவிடம் இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

அத்தாவுக்குக் கேன்சர் வருமுன்னே வெட்டி எறிந்தோம் என்று உன்னிடமும் பஜார் முழுக்கவும் சொன்னோமே, அது நிஜமில்லை ராசா. எடுத்த கட்டியைச் சோதித்ததில் அது கேன்சராகிற வகையே இல்லை, சும்மா கிடந்திருக்கும் என்று வந்தது. முதலில் பார்த்த மதுரை டாக்டர், இதில் பல வகை உண்டு, சிலது வருஷக்கணக்கில் இருந்து மாறும், சிலது கிடந்தபடி கிடக்கும், எந்த வகை என்று தெளிவாகவில்லை, ஆறு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்ப்போம் என்றுதான் சொன்னார். அத்தா கேட்டால்தானே! படுக்கையில தேள விட்டுட்டு எப்படித் தூங்குறது என்று வேறு ஆஸ்பத்திரியில் பிடிவாதமாக எடுத்துக்கொண்டார். நானும் கூட நின்று தலையாட்டினேன், பாவி. கட்டியோடு கணையத்தில் பாதி போய், இப்போது இன்சுலின் ஊசி, செரிக்க மாத்திரை, வட்டக்கானல் சரிவில் இறங்கினால் திரும்ப ஏற முடியவில்லை. சாக்லேட் கிண்டுகிற மனுஷர் ருசி பார்க்க எங்களைக் கூப்பிடுகிறார்.

அதற்காக அலட்சியமாக விட்டுவிடாதே. உன்னுடையது மாறுகிற வகை என்றால் எடுக்கத்தான் வேண்டும், நானே வந்து பக்கத்தில் இருப்பேன். ஆனால் எந்த வகை, காத்திருக்கலாமா என்று இதற்கென்றே இருக்கிற டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய். அதுவரை ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போடு.

அத்தாவுக்குத் தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன், பின்னால் நின்று படித்துவிட்டார். சத்தம் போடுவார் என்று பார்த்தால், "டாக்டரு சொல்லி எடுக்கல, நான் பயந்துபோயி எடுத்தேன்னு எழுது புள்ள, என்னயப் பாத்து அவன் வயித்தக் கிழிச்சுக்க வேணாம்" என்றார். எழுதிவிட்டேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிதானத்தையும் தரட்டும். இதைப் படித்ததும் என் நம்பருக்குப் போடாதே, அத்தா நம்பருக்குப் போடு. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா ரஹ்மத்துன்னிசா