பாய் விற்காத பாய்க்கடை

வைகாசி 2, வியாழன்

வெயில். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கந்தோர் வேலை முடிந்து வீடு வருவதற்குள் வாய் நிறைய மண். குடை கம்பி ஒடிந்தது, திருத்தக் கொடுக்க வேண்டும்.

வீட்டோடு சேர்ந்த பாய்க்கடை வாசலில் லெப்பையின் மாட்டுவண்டி. காத்தான்குடியிலிருந்து மாதாமாதம் வந்து மாமியாரிடம் பன்புல்லில் இழைத்த பாய் எடுத்து, ஏறாவூர், ஓட்டமாவடிப் பக்கம் கொண்டுபோய் விற்பவர். இன்று வெறும் வண்டியோடு திரும்புகிறார்.

"பாய் இல்லையாம் தம்பி. உள்ளுக்க கூரை முட்ட அடுக்கியிரிக்கி, எண்ட கண்ணால பார்த்தன். அப்பிடியிருந்தும் இல்லையாம்."

மாமியாரை இனி மா. என்றே எழுதுவேன். முழுச் சொல்லுக்கு மை வீண். மா. என்னோடு நேரே பேசுவதில்லை. மாமி மருமகனோடு முகம் கொடுத்துக் கதைப்பது மரியாதை இல்லையாம். கதவுக்குப் பின்னால் நின்று என் மனைவி தெய்வானையிடம் சொல்வார். பக்கத்தில் இருக்கும் நான் தூரத்தில் இருப்பவன்போலக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதே வழியில், ஏன் பாய் விற்கவில்லை என்று கேட்டேன். வந்த பதில்: "அது எங்கட கடை விசயம்."

எங்கட! கலியாணப் பேச்சில் வீடும் கடையும் மூத்தவளுக்கு என்றார்கள். இந்த ஊரில் வீடு பெண்ணுக்கு. ஆண் ஒரு பெட்டியோடு வந்து ஏற வேண்டியவன். வந்து ஏறினேன். வீடு இன்னும் மா. பெயரில்தான்.

இரவுச் சோறு: பூசணிக்காய், பருப்பு. மீன் இல்லை, தாளிதம் இல்லை. ஆற்றில் மீன் துள்ளுகிற ஊரில்! அம்மன் சடங்கு முடியுமட்டும் நேர்த்தி விரதமாம். என் நாக்குக்கு யார் நேர்த்தி வைக்கச் சொன்னது?

வைகாசி 3, வெள்ளி

வெயில் நேற்றைப்போல. கந்தோரில் தூசி தட்டினேன்.

இன்ஸ்பெக்டர் இன்று நல்ல முகத்தோடு இருந்தார். என் மாற்றத்துக்கு எழுதுகிறேன் என்றார். யாழ்ப்பாணம், என் ஊர்! அவர் மகளுக்கு ஆவணியில் கலியாணம், நம் கடையில் ஒரு நல்ல பூப்பாய் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். மா. தன் கையால் இழைத்தது, சிவப்பும் ஊதாவும் ஓடும் கரை, பரணில் தனியாகச் சுருட்டி வைத்திருந்தது. மனுஷிக்கு வாய் எப்படியோ, கை பொய் சொல்லாது.

வீட்டுக்கு வந்து பரணைப் பார்த்தேன். பாய் இல்லை.

தெய்வானை (இனி தெ.) முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வித்துப்போச்சு" என்றாள். யாருக்கு? தெரியாதாம். லெப்பைக்கே இல்லை என்ற கடை, அந்த ஒரு பாயை மட்டும் பேயிடம் விற்றதோ?

வைகாசி 4, சனி

எண்ணெய் முழுக்கு இல்லை. எண்ணெய் முடிந்துவிட்டதாம். குசினி அடுப்படியில் எண்ணெய்ப் போத்தல் பாதிக்குமேல் இருக்கிறது, எட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை மருமகனுக்கு எண்ணெய் வைக்காத வீடு வீடா? எங்கள் ஊரில் நாய்க்குக்கூட வைப்பார்கள்.

பாயை எடுத்தது யார்? கணக்கெடுப்பு:

லெப்பை. இல்லை. வெறும் வண்டி, கண்ணால் கண்டேன்.
தெ. பொய் சொல்கிறாள். ஆனால் தானாகச் சொல்லும் பொய் அல்ல, யாரோ சொல்லிக் கொடுத்தது.
தெ.யின் தங்கை மங்கை. ஊரில் இல்லை. சின்னம்மாவுக்குப் பிள்ளைப்பேறு, ஒத்தாசைக்குப் பழுகாமம் போய்விட்டாளாம்.
மா.

என் முடிவு: கடையை மெல்ல மெல்ல மூடிவிட்டுச் சரக்கையெல்லாம் இளையவளுக்கு ஒதுக்குகிறார். மங்கைக்கும் ஆவணியில்தான் கலியாணம். மூத்த மருமகன் யாழ்ப்பாணத்தான், எப்படியும் ஓடிப்போவான் என்ற நினைப்பு. (ஓடத்தான் போகிறேன். அது வேறு.)

புறப்படும்போது அம்மா சொன்னது: "மட்டக்களப்புக்குப் போறாய், பாயோட ஒட்ட வைச்சுப் போடுவாளவை, கவனம்." ஒட்ட வைக்கவும் ஒரு பாய் வேண்டுமே அம்மா. இந்தக் கடையில் அதுவும் இல்லை.

வைகாசி 6, திங்கள்

கந்தோரில் பழுகாமத்து ஆள் ஒருவர், கிணற்று விசயமாக வந்தார். பேச்சோடு பேச்சாக எங்கள் சின்னம்மா வீட்டைப் பற்றிக் கேட்டேன். பிள்ளை பிறந்து, முப்பத்தொன்றாம் நாள் சடங்கும் கழித்து, எல்லாம் மாசியிலேயே முடிந்ததாம். மங்கையா? "அந்தப் புள்ள இந்தப் பக்கம் வரயில்லையே."

கிணறு வெட்டப் பூதம்.

ஆக, மங்கை பழுகாமத்தில் இல்லை, வீட்டிலும் இல்லை. பூப்பாயும் இல்லை. கலியாணம் பேசிய பெண் யாரோடோ ஓடிவிட்டாள், மா. பாயும் கொடுத்து அனுப்பிவிட்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். தினமும் பூசணிக்காய் சமைப்பதும் பொருத்தம்தான்.

என் பெயரும் சேர்ந்தல்லவா கெடும்? கேட்கத்தான் வேண்டும்.

வைகாசி 8, புதன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

தலையிடி, அரைநாள் லீவு. மத்தியானச் சோற்றில் கேட்டேன், கதவுக்குப் பின்னால் நிற்பவருக்கும் கேட்கும்படி: "மங்கை ஆரோட ஓடினவள்?"

தெ. அகப்பையைச் சட்டியில் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். "உங்கட வாய்ல மண் விழ! என்ட தங்கச்சியப் பார்த்தா இந்தக் கதை?" அழுகை. கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதிதான் என்னைக் கிளப்பியது. வசவு வந்திருந்தால் படுத்திருப்பேன்.

கொல்லையில் பன் உலர்த்தி வைக்கும் கொட்டிலுக்கு இப்போது பூட்டு. மா. காலையும் மாலையும் இளநீரோடு அந்தப் பக்கம் போவதைப் பார்த்திருக்கிறேன். சாயம் காய்ச்சும் வேலை என்று நினைத்தேன். சாயத்துக்கு எதற்கு இளநீர்? இன்று பூட்டுத் தொங்கியது, ஆனால் பூட்டவில்லை. தள்ளினேன்.

வேப்பிலை மணம். கொத்துக் கொத்தாக, கதவின் உட்பக்கத்தில். வெளியே ஒரு இலை இல்லை. மங்கை கீழே கிடந்தாள், சிவப்பும் ஊதாவும் கரை போட்ட அந்தப் பாயில். முகம் முழுக்க அம்மை முத்து. மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"மச்சான், வண்டிக்குச் சொல்லாதீங்க."

இங்கே ஒன்றை எழுத வேண்டும். என் கந்தோர் சுகாதாரக் கந்தோர். அம்மை கண்ட வீடுகளின் பெயரை எழுதி அனுப்புவது என் வேலை. எழுதினால் வண்டி வரும், ஆளை ஊருக்கு வெளியே அம்மைக் கொட்டிலுக்கு ஏற்றிப் போகும். சின்ன முத்தோ பெரிய முத்தோ, எங்களுக்கு ஒரே வண்டி. சித்திரையில் ஒரு வீட்டில் நெற்பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஒருத்தியை எப்படிப் பிடித்தோம் என்று, இந்த வீட்டில் சாப்பிடும்போது நல்ல பகிடியாகச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் திரும்பி வந்தாளா என்று மங்கை கேட்டாள். வரவில்லை என்றேன்.

தெ. ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். கொப்பளிப்பான்தானாம், சின்ன முத்துதானாம், நாட்டு வைத்தியப் பரியாரி பார்த்துவிட்டாராம். அம்மாள் வந்து இறங்கினால் புதுப் பாய்தான் போட வேண்டுமாம், கடையில் அதுதான் மெத்தென்ற பாயாம். அம்மாள் நிற்கும் வீட்டிலிருந்து ஒரு பொருளும் வெளியே போகக்கூடாது, அதனால் கடையில் விற்பனை இல்லை. மீன், தாளிதம், எண்ணெய் எல்லாம் அதனால்தான். எங்கள் ஊரிலும் இதேதான். எனக்குத் தெரிந்த வழக்கம்தான். என்னை அவமதிக்கவே எல்லாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

ஊருக்கெல்லாம் ஒளிக்கவில்லை. எனக்குத்தான் ஒளித்திருக்கிறார்கள். பரியாரிக்குத் தெரியும், பக்கத்து வளவு வீட்டுக்காரருக்குத் தெரியும். வீட்டுக்குள் படுத்தெழும்பும் எனக்குத் தெரியாது.

என்னைப் பற்றி அவ்வளவு கேவலமாகவா நினைத்தார்கள்? முந்தி தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லித்தான் இருப்பேன். கோபம் அதனால்தான்.

வைகாசி 9, வியாழன்

காற்று நேற்றிலும் கூட. கந்தோரில் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒன்றும் எழுதவில்லை. தெரிந்தால் வேலை போகும்.

இன்ஸ். வந்து, "கிளாக்கர், நாளைக்கு உங்கட பக்கம் வாறன். பாயை நானே பாத்து எடுக்கிறன். உங்கட கடிதமும் நாளைக்கு அனுப்பலாம்" என்றார்.

வர வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். வந்தால், மூக்குள்ள மனுஷன், வேப்பிலை மணம் பிடித்துவிடுவார். கொட்டில், கடையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை.

வீட்டில் தெ.யிடம் சொன்னேன். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது.

வைகாசி 10, வெள்ளி

வந்தார். பின்னேரம், சைக்கிளில், தொப்பியோடு. நேரே கடைக்குள் ஏறி அடுக்கில் ஒரு பாயைத் தொட்டார்.

"விற்கிறதுக்கில்லை, சேர்" என்றேன்.

"பாய்க்கடையில பாய் விற்கிறதுக்கில்லையோ?"

மூளை வேலை செய்யவில்லை. வாய் செய்தது. நான் இந்த வீட்டோடு சண்டைக்காரன் என்பது புளியந்தீவு ஊர் முழுக்கத் தெரியும். கந்தோரில் நானே போதிய அளவு சொல்லியிருக்கிறேன். குரலை உயர்த்தினேன்.

"உந்த மனுசி ஒரு பாயும் தராது, சேர்! எனக்கே கிழிஞ்ச பாய்! மருமகன் எண்டு ஒரு மரியாதை உண்டோ? சோத்துக்கு மீனில்லை, தலைக்கு எண்ணெயில்லை. வீடோ இது, மறியற்சாலையோ!"

எல்லாம் உண்மை. அதனால் சரளமாக வந்தது. இன்ஸ். என்னைத் தாண்டிக் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அப்போது கதவு திறந்தது. மா. வெளியே வந்தார். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, கலியாணம் முடிந்த நாளிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து:

"ஆரு கிழிஞ்ச பாய்ல படுத்த? ஒரு தகரப் பெட்டியோட என்ட மகள்ற ஊட்டுல வந்து ஏறின ஆளுக்கு வாயப் பாரு! திண்ட சோத்துக்கு ஒரு நாள் நல்ல சொல்லு வந்திரிக்கா? பாய் வேணுமெண்டா உங்கட அம்மைக்கிட்டச் சொல்லிப் பனையோலையில இழைச்சி எடுங்க! இந்தக் கடையில உங்களுக்கும் இல்ல, உங்கட தொரைக்கும் இல்ல!"

"என்ர அம்மாவை இழுக்காதேங்கோ!" என்று கத்தினேன். அது நடிப்பு இல்லை.

"இழுப்பன்! வளர்த்த வளர்ப்ப நான் ஆருக்கிட்டக் கேக்க?"

தெருவில் ஆள் கூடிவிட்டது. இன்ஸ். தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னால் பின்னால் நகர்ந்தார். "குடும்பச் சண்டைக்குள்ள நான் என்னத்துக்கு" என்றார். சைக்கிளில் ஏறும்போது என்னைப் பார்த்த பார்வையில் என் மாற்றக் கடிதம் கிழிந்தது.

மா. கதவுக்குப் பின்னால் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து, தெ.யிடம் சொல்வது கேட்டது: "அவருக்குத் தண்ணி குடு. தொண்டை காஞ்சிரிக்கும்."

வைகாசி 16, வியாழன்

காலையில் மங்கைக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள், வேப்பிலையும் மஞ்சளும் போட்டு. முகத்தில் வடு இரண்டோ மூன்றோ. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டால் படட்டும், வந்து என்னிடம் கேட்கட்டும். சண்டைக்கு நான் தயார், பழகிவிட்டது.

மங்கை கிடந்த பூப்பாயை மா. ஆற்றில் விட்டார், அம்மாள் இறங்கிய பாயை வீட்டில் வைக்கக்கூடாதாம். கொஞ்ச தூரம் மிதந்து, நனைந்து, அமிழ்ந்தது. அவ்வளவு நல்ல பாய். வயிறு எரிந்தது. அவருக்கு எரிந்ததா தெரியாது, முதுகுதான் தெரிந்தது.

கந்தோரில் என்னை "கிழிஞ்ச பாய்" என்று கூப்பிடுகிறார்கள். மாற்றம் வேறு ஒருவனுக்கு.

தெ.யிடம் கேட்டேன், அன்றைக்கு உங்கட அம்மா சொன்னதில் எவ்வளவு நடிப்பு என்று. "பாதி" என்றாள். எந்தப் பாதி? சிரித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

வைகாசி 18, சனி

எண்ணெய் முழுக்கு. பொரித்த மீன். மங்கைக்கு நடுத்துண்டு, எனக்கு வால். கடை திறந்தாயிற்று, நல்ல விற்பனை. மா. பழையபடி கதவுக்குப் பின்னால். மங்கை கலியாணத்துக்கு வேறு பூப்பாய் இழைக்கிறார், பகல் முழுக்க அதே வேலை. எனக்கென்று கேட்டால் சாதாரணப் பாய்கூட வராது.

வைகாசி 24, வெள்ளி

நேற்றே உடம்பு முறுக்கியது. கச்சான் காற்று என்று நினைத்தேன். இன்று கண் எரிகிறது, எழுத்துக் கோணுகிறது. சட்டையைக் கழற்றினேன். நெஞ்சில் ஒன்று. வயிற்றில் இரண்டு. முதுகில் எத்தனையோ, தெ. பார்த்துவிட்டுக் குசினிக்கு ஓடினாள்.

குசினியில் மீன் பொரியும் சத்தம். நின்றது. சட்டியை இறக்கி வைத்த சத்தம்.

மா. உள்ளே வந்தார், நேரே, கதவும் இல்லை, தெ.யும் இல்லை. கக்கத்தில் மங்கைக்கு இழைத்த பூப்பாய், ஓரம் இன்னும் மடித்து முடியவில்லை. விரித்தார். அது வேண்டாம், பழைய பாய் போதும் என்றேன்.

"வாயப் பொத்திக்கிட்டுப் படுங்க மனே."

மனே என்றால் இங்கே மகனே. படுத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பாய் குளிர்ச்சி. தெ. வேப்பிலைக் கொத்தை ஆணியில் மாட்டுகிறாள், கதவின் உட்பக்கம்.

வெளியே வண்டிச் சத்தம். லெப்பை. "இந்தத் தரம் சரக்கு இரிக்காம் எண்டாங்களே?"

மா.வின் குரல்: "பாய் இல்ல."