பேச்சு வராத உம்மம்மா

வெள்ளி இரவு.

இன்று என் பேத்தி சஹானா என்னை ஊமையாக்கிவிட்டாள்.

டியூஷன் தோழிகள் இருவர் வந்தார்கள், புத்தளம் டவுனில் பெரிய வீட்டுப் பிள்ளைகள். அவர்களோடு அவர்களைப் போலவே இழுத்து, நடுவில் இங்கிலிஷ் கலந்து கதைத்தாள். நான் வட்டிலப்பத் தட்டை வைத்துவிட்டு வாய் திறக்கப் போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"உம்மம்மாக்குக் கதைக்க ஏலா. வருத்தம் வந்து பேச்சுப் போயிட்டு."

"அல்லாஹ், பாவம்," என்று ஒருத்தி என் கையைத் தடவினாள்.

நான் வாய் திறந்தால் மன்னார்ப் பேச்சு வந்துவிடும். அகதி வீடு என்று தெரிந்துவிடும். மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு இங்கே வந்த வருஷம் கிணற்றடியில் ஒருத்தி என் பேச்சைக் கேட்டதும் வாளியைப் பிடுங்கினாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. இதையும் மறக்க மாட்டேன். ஆனாலும் தலையாட்டிச் சிரித்தேன்.

படுத்தபோது கடல் தூரத்தில் கதைத்துக்கொண்டே இருந்தது. கனவில் கத்தியும் சத்தம் வராதது போல, குரல் உண்மையாகவே போய்விட்டதோ என்றிருந்தது. மெல்லக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"சஹானா."

"ஓம் உம்மம்மா," என்றாள் உடனே. அவளும் தூங்கவில்லை. "என்ன வேணும் உங்களுக்கு?" எங்கள் ஊர்ப் பேச்சில்தான் கேட்டாள்.

"ஒண்டும் வேணாம். நித்திரை கொள்."

எழுந்து வந்து என் பாயில் சுருண்டுகொண்டாள். நான் இன்னும் மன்னிக்கவில்லை. போர்வையை மட்டும் இழுத்துவிட்டு இதை எழுதுகிறேன்.