டாங்கனீக்காவுக்குப் போகாத கொசுவலை

இன்று காலை மலேரியாக்காரர்கள் வந்தார்கள். பரண்வரை காலி செய்யச் சொல்லி, வீடு முழுக்க மருந்தடித்து, கதவில் காவியால் தேதி எழுதிவிட்டுப் போனார்கள். செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க வந்த அத்தனை படைகளும் கொளுத்திய வெடிமருந்துகூட இப்படி நாறியிருக்காது. "ஊட்ல யாருக்காச்சும் காய்ச்சல் கண்டுதா?" என்று ஒருவன் கேட்டான். இல்லையப்பா என்றேன். பரணிலிருந்து இறக்கிய சாமான்களுக்கு நடுவே உன் கொசுவலை கிடந்தது. கடைக்காரன் கட்டிய சணல்கூட அவிழாமல்.

ஆறு வருஷம் ஆகிறது. இந்த நாற்றத்தில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். உன் மாமன் பேசினால் ஊரே உட்கார்ந்து கேட்கும் என்பாயே, இன்று கேட்க ஆளில்லாமல் பேசுகிறேன்.

சீனச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு, மிஷன் ஆஸ்பத்திரி அனுப்புகிறது, டாங்கனீக்காவில் ஒரு கிராமத்துக்கு இரண்டு வருஷம் சம்பளமில்லாத ஊழியத்துக்குப் போகிறேன் என்று வந்து நின்றாய். சமண நயினார் வீட்டுப் பெண், தகப்பன் இல்லாதவள், அக்காவுக்கு ஒரே மகள். அக்கா கப்பலுக்குப் பயப்படவில்லை, சிங்கத்துக்கும் பயப்படவில்லை. "அங்க ஆட்டையும் மாட்டையும் வுட்டா திங்கறதுக்கு இன்னாடி இருக்கும்?" என்பதுதான் அவள் பயம். அவள் வாயிலிருந்து சரி என்ற ஒரு சொல்லை வாங்க நீ ஒரு வருஷம் போராடினாய்.

பெட்டி கட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. வராமல்? குடும்பத்திலேயே கடல் தாண்டியவன் நான் ஒருவன்தானே! ரங்கூனில் யானைமேல் ஏறிப்போய்க் கத்தரிக்காய் வாங்கியவன், பர்மா மழையைக் குடையால் தட்டி நிறுத்தியவன். உண்மையில் ரங்கூனில் இருந்ததாக நான் சொல்லிக்கொண்ட எட்டு மாதமும் சென்னைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அரிசி மண்டியில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். கப்பலைக் கரையிலிருந்து பார்த்ததோடு சரி.

ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு, அதற்குமேல் கூடாது என்று மிஷன்காரர்கள் எழுதியிருந்தார்கள். கொண்டுவர வேண்டியவற்றை டைப் அடித்து அனுப்பியிருந்த தாளில் கொசுவலைக்குக் கீழே மட்டும் சிவப்புக் கோடு. அக்காவோ புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, கூழ்வடகம், எள்ளுருண்டை என்று ஆப்பிரிக்கா முழுவதையும் சைவமாக்கிவிடும் அளவுக்கு டப்பா டப்பாவாக அடுக்கினாள். நானும் அவளும் ஏறி உட்கார்ந்தும் மூடி சேரவில்லை.

"டப்பா போவலன்னா இவளும் போவல. அவ்ளோதான்," என்றாள் அக்கா. சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியும். நீ என்னைப் பார்த்தாய். நான் வலையை உருவி வெளியே போட்டேன்.

"மாமா, அத்த எடுக்காத. செவப்புக் கோடு போட்டிருக்குது பாரு."

"கோடு போட்டவன் கடலப் பாத்திருக்கானா? எட்டு மாசம் ரங்கூன்ல இருந்தேன், ஒரு கொசு கிட்ட வரல. கடல் காத்துல அதுக்கு ரெக்கை ஒட்டிக்கும்."

"நான் போற ஊருக்கும் கடலுக்கும் ரெண்டு நாள் பிரயாணம்."

"ஆப்பிரிக்காக் கொசு சிங்கத்தக் கடிச்சிப் பழகினது கண்ணு. உன்ன மாதிரி முருங்கக்காயத் திரும்பிப் பாக்குமா?"

அக்கா ஒரு வாரத்துக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. "நாம கொசுவ அடிக்கக் கூடாதவங்க மாமா. வலை இருந்தா அதுவும் பொழைக்கும், நானும் பொழைப்பேன்."

"தண்ணி வடிகட்டத் துணி எடுத்துக்கினு போறியே, அத்த மூஞ்சில போட்டுக்கினு தூங்கு!"

"கடல் தாண்டினவன் சொல்றான், கேளேன்டி," என்றாள் அக்கா.

நீ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு உன் கையாலேயே வலையை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் எள்ளுருண்டை டப்பாவை வைத்தாய். மூடி சேர்ந்துகொண்டது. பெரிய போரை ஜெயித்தவன்போல மீசையை முறுக்கிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து உன் கடிதம் வந்தது, என் பெயருக்குத் தனியாக. "மாமா, நீ ரங்கூன் போவலன்னு எனக்குப் பத்து வயசுலயே தெரியும். அங்க மழையே கெடையாதுன்னு ஒரு நாள் சொன்ன, மழையக் குடையால தட்டினேன்னு இன்னொரு நாள் சொன்ன. அம்மா எதிர்ல உன்னக் காட்டிக்குடுக்க மனசு வரல. இங்க இருக்கிற வலை நோயாளிங்களுக்கே போதல. பட்டணத்துலேருந்து வந்ததும் வாங்கிக்கிறேன்."

படித்ததும் முதலில் சிரித்தேன். வெட்கம் பிறகுதான் வந்தது. அன்றே வலையைப் பார்சல் கட்டியிருக்கலாம். ஆனால் தபாலாபீசில் விசாரிப்பார்கள், விஷயம் பஜார் முழுக்கப் பரவும், "கொசுவே இல்லன்னியேடா" என்று அக்கா கேட்பாள். தபாலாபீஸ் நம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ரங்கூனை அளந்த கால்களுக்கு அது எட்டவில்லை.

உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. அன்று எல்லார் எதிரிலும் "பொய் சொல்லாத மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? மானம் போயிருக்கும். போகட்டுமே! என் மானம் என்ன ராஜகிரி மலை உயரமா, விழுந்தால் ஊர் நசுங்கிப் போக? அதைக் காப்பாற்றச் சொல்லி உன்னிடம் யார் கேட்டார்கள்?

நான்காம் மாதம் மிஷனிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, மூன்றே நாள். ஆஸ்பத்திரி வளாகத்தின் கிழக்கு வேலியோரம் அன்று மாலையே உன்னைப் புதைத்துவிட்டார்கள். பக்கத்துக் குழிகளில் யார் யார் என்றுகூட எழுதியிருந்தார்கள்.

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. கண்ணீரைத் துடைக்காமல் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "எரிச்சாங்களா தம்பி, பொதைச்சிட்டாங்களா?"

"எரிச்சாங்கக்கா," என்றேன். அதோடு நிறுத்தத் தெரிந்தவனா நான்? ஆற்றங்கரை என்றேன், சந்தனக்கட்டை என்றேன், நம் முறைப்படியே செய்து சாம்பலை ஓடுகிற தண்ணீரில் விட்டார்கள் என்றேன். அக்கா கேட்கக் கேட்க ஆற்றை அகலமாக்கிக்கொண்டே போனேன். "கடல் தாண்டின நீ ஒருத்தன் இருக்கறதாலதான் எனக்கு இந்த மட்டும் தெரிஞ்சிது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்றும் உன் நினைவு நாளில் அந்த ஆற்றைப் பற்றிக் கேட்கிறாள். நானும் சொல்கிறேன்.

அந்த இங்கிலீஷ் கடிதம் என் சட்டையின் உள்பையில்தான் இருக்கிறது. நெஞ்சுவலி வந்துவிட்டது எனக்கு. அக்காவுக்கு முன்னால் நான் போய்விட்டால், யாராவது நல்லவர் அதை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டிவிடுவார். அடுப்பில் போட்டுவிடலாம்தான். எத்தனையோ தடவை அடுப்படிவரை போனேன். ஆனால் நீ எங்கே இருக்கிறாய் என்று சொல்லும் காகிதம் அது ஒன்றுதான்.