வெறும் பானை கொடுக்கக் கூடாது

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.

அன்பு மகள் கலைச்செல்விக்கு,

உன் அப்பா தன் கையாலேயே எழுதுவது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, அவள் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகும், அங்கே நீயும் நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் மற்ற விஷயங்களைத் தொடங்குகிறேன். முதல் வரியை இன்னொரு தடவை வாசித்துக்கொள் மக்களே, தன் கையாலேயே என்று போட்டிருக்கிறேன். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் பக்கத்து வீட்டு சுந்தரராமன் சார் எழுதியது. நான் நாலு வரி சொல்வேன், அவர் இரண்டு பக்கம் எழுதுவார், அதில் பெரும்பங்கு நீ கல்யாணம் செய்துகொள்ளாததைப் பற்றி என்று நீ லீவில் வந்தபோது சொல்லித்தான் எனக்குத் தெரியும். இனி அவருக்கு ஓய்வு. வாசகசாலையில் ராகேல் டீச்சர் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு நடத்தும் வகுப்பில் நான் தமிழ் முடித்துவிட்டேன், மலையாளமும் எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். போன வாரம் தம்பானூரில் பஸ் ஏறி, நெடுமங்காட்டில் இறங்க வேண்டியவன், வழியில் இருந்த கடைப் பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டே விதுரா வரைக்கும் போய்விட்டேன். அம்மா திட்டினாள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, எத்தனை கடைகள்.

இப்போது முக்கியமான விஷயம். சூடானில் நடக்கும் சண்டையில் வீடுவாசலை விட்டு நீ வேலை பார்க்கும் முகாமுக்கு ஓடிவந்த ஜனங்களுக்குத் தானியம் கிடைக்கிறது, பொங்குவதற்குப் பானைதான் இல்லை, ஒரு பானையைப் பல கூடாரத்துக்காரர்கள் மாற்றி மாற்றி வைக்கிறார்கள், தங்கள் முறை வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிப்போகின்றன என்று நீ போனில் சொன்னாய் அல்லவா. அதை நான் டீக்கடையில் சொன்னேன். சொன்னது பானை என்ற ஒரே ஒரு சாமான். ஆனால் நம் தெருவின் தர்மசிந்தை ஒரு சாமானோடு நிற்குமா? மறுநாள் முதல் வியாபாரிகள் சங்கத்து வராந்தாவில் வந்து குவிந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக் கோட்டு வந்தது, குதிகால் உயர்ந்த செருப்பு வந்தது, பாதி குடித்த இருமல் மருந்து வந்தது, ஒரு கட்டு கழுத்து டை வந்தது. குண்டு விழுந்து வீடு போனவன் டை கட்டிக்கொண்டு எந்த ஆபீசுக்குப் போவான் என்று கேட்டேன், கொடுக்கிற மனசைப் பார்க்கணும் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டார்கள். மனசைத்தான் பார்த்தேன், அலமாரியைக் காலி செய்கிற மனசு. பிறகு ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். தலைவர் பாத்திரக்கடை பிச்சையா பெரிதாகச் சிரிக்கிறார், செயலாளர் கொஞ்சம் சிறிதாகச் சிரிக்கிறார், மற்றவர்கள் தீப்பெட்டிப் படம் அளவில் வரிசையாகச் சிரிக்கிறார்கள். வீடு இழந்தவர்களுக்கு அந்தப் பேனரிலும் இடம் கிடைக்கவில்லை.

உன் ஆபீசில் இருந்து மூடியோடு பெரிய அலுமினியப் பானை மட்டும் போதும், வேறு எதுவும் ஏற்க மாட்டோம் என்று தகவல் வந்த பிறகுதான் டைகளுக்கு விடுதலை. பிச்சையாவை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன், பானைகளை அவர்தான் கொடுத்தார், நல்ல கனமான பானை. கொடுத்த கையோடு பேர் வெட்டுகிற ஆளைக் கூப்பிட்டு ஒவ்வொன்றிலும் ‘பிச்சையா அன் சன்ஸ், ஆரியசாலை’ என்று வெட்டச் சொன்னார். அந்த முகாமில் கஞ்சி குடித்துத் தெம்பானவர்கள் விலாசம் பார்த்து இங்கே வந்து ஒரு குத்துவிளக்கு வாங்கிப் போவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு லாபம்தான். எல்லாப் பானையையும் வாசித்துப் பழகினேன், எல்லாவற்றிலும் ஒரே பாடம்.

அடுத்து நடந்ததற்கு உன் அம்மாதான் பொறுப்பு. நம் வீட்டில் யாருக்குப் பாத்திரம் கொடுத்தாலும் வெறுமையாகக் கொடுக்க மாட்டார்கள், ஒரு பிடி அரிசியோ ஒரு துண்டு மஞ்சளோ போட்டுத்தான் கொடுப்பார்கள், உனக்குத் தெரியும். தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு அம்மா எல்லாப் பானையிலும் அரிசியும் மஞ்சளும் வத்தல் மிளகாயும் போட்டு மூடி வைத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது. சாயந்தரம் கொச்சிக்குப் போக லாரி வந்து நின்றது, சரக்கு அனுப்பும் ஏஜென்ட் ரெனி சீல் வைக்க வந்தான். நல்ல பையன், அவன் பேசும் தமிழில் பாதி மலையாளம். ஒரு மூடியைத் திறந்தான், அடுத்ததைத் திறந்தான், பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். பாத்திரம் என்றுதான் சரக்குக் காகிதத்தில் போட்டிருக்கிறது, உள்ளே அரிசி போனால் பூச்சி மருந்து அடித்த சான்று வேண்டும், சோதனை வேண்டும், அதெல்லாம் முடிவதற்குள் கப்பல் போய்விடும் என்றான். அடுத்த கப்பலுக்குக் காத்திருந்தால் உங்கள் பக்கம் மழை தொடங்கிவிடும், மழை தொடங்கினால் முகாமுக்கு லாரி ஏறாது என்று நீ சொன்னது எனக்கு நினைவு வந்தது. ஃப்ளெக்ஸில் சிரித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று நான் சொன்னேன். உன் அம்மா பானை மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். “வெறும் பானையக் கையில குடுத்தா என்ன அர்த்தம்? எங்கேயாவது போய்ச் சாவுன்னு அர்த்தம். அதத்தான் ஏற்கெனவே ஒருத்தன் குண்டு போட்டுச் சொல்லிட்டானே, நாமளும் சொல்லணுமா?” என்றாள். மற்ற பெண்களும் அவள் பின்னால் நின்றார்கள். ரெனி கும்பிடாத குறையாக, “அம்மே, ஒரு மணி அரிசி கெடந்தா மதி, மொத்தச் சரக்கும் போர்ட்டுல பிடிச்சு வெப்பாங்க” என்றான். சங்கத்தார் உடனே அவசரக் கூட்டம் போட்டு, சம்பிரதாயம் பெரிதா சட்டம் பெரிதா என்று விவாதிக்கத் தொடங்கினார்கள். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அம்மா திடீரென்று, “இரும்புக்குத் தடை உண்டா மோனே?” என்று ரெனியிடம் கேட்டாள். இரும்பும் எவர்சில்வரும் போகலாம் என்றான். அங்கே பெண்கள் மரக்குச்சியால் கிண்டுகிறார்கள் என்று நீ சொன்னதை அவள் மறக்கவில்லை மக்களே. நேராகப் பிச்சையா கடை வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கிய கரண்டிகளைப் பார்த்தாள். பிச்சையா அந்த நேரம் பார்த்து மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார். அம்மா சும்மா பார்த்துக்கொண்டே நின்றாள், தெருவே பார்த்தது, அவர் எவ்வளவு நேரம்தான் வானத்தைப் பார்ப்பார், கரண்டிக் கொத்துகளை அவிழ்த்துக் கொடுத்தார். கரண்டி கிடந்தால் அது வெறும் பானை இல்லை என்று பெண்கள் ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு அரிசியைக் கொட்டி, ஒரு மணி இல்லாமல் துடைத்து, பானைக்கு ஒரு கரண்டியாகப் போட்டுக் கட்டினோம். ரெனி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் சீல் வைத்தான். கரண்டியிலும் பேர் வெட்டிவிடலாமே என்று பிச்சையா கேட்டார், நேரமில்லை என்று ரெனி சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கொட்டிய அரிசியை வராந்தாவிலேயே கஞ்சியாக வைத்து ஏற்றுக்கூலிக்காரர்களுக்கு ஊற்றினார்கள். தட்டோடு முதலில் நின்றவர் யார் என்று நான் எழுத மாட்டேன், ஃப்ளெக்ஸில் பெரிதாகச் சிரித்தவர் யார் என்று பார்த்துக்கொள்.

இவ்வளவு பேரைக் கிண்டல் செய்துவிட்டு உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. பேர் வெட்டுகிறவன் டீ குடிக்கப் போயிருந்தான், மிஷின் சும்மா கிடந்தது. கடைசிக் கரண்டி என் கையில் இருந்தது. அதன் காம்பில் ‘க’ என்று ஒரு எழுத்து வெட்டிவிட்டேன், உன் பேரின் முதல் எழுத்து. மிஷின் உதறியதில் கொஞ்சம் கோணல். பிச்சையாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அம்மா கேட்டாள், அவர் கூலிக்கு ஆள் வைத்து வெட்டினார், நான் சொந்தக் கையால் வெட்டினேன் என்றேன்.

அந்தக் கரண்டி உன் கண்ணில் பட்டால் ஞாபகத்துக்கு என்று எடுத்து வைத்துக்கொள்ளாதே. வரிசையில் அடுத்து நிற்கிறவளிடம் கொடுத்துவிடு. அது என்ன கீறல் என்று அவள் கேட்டால், ஒரு கிழவன் எழுத்துப் பழகினான் என்று சொல். பானையை வெறுமையாக அனுப்பவில்லை என்பதையும் அவளிடம் சொல்லச் சொன்னாள் அம்மா. வெயிலில் தலையை மூடிக்கொண்டு நட, வேளைக்குச் சாப்பிடு, நீ பட்டினி கிடந்து அவர்களுக்கு ஊட்ட முடியாது. சாமான் மழைக்கு முன்னால் வந்து சேர்ந்ததா என்று கட்டாயம் எழுது, போனில் சொல்லாதே, கடிதமாக எழுது, பெரிய எழுத்தில் இடம் விட்டு எழுது, நான்தான் வாசிப்பேன், சுந்தரராமன் சாரிடம் கொடுக்க மாட்டேன். நீயும் உன்னைச் சுற்றி இருக்கிற அத்தனை பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் வயிறு நிறைந்து இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு, கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும்
உன் அப்பா
ஆறுமுகநயினார்